பந்தை உருட்டிக் கொடுக்க ஓர் ஆள்

2021/22ஆம் பருவத்தில் லிவர்பூல் காற்பந்துக் குழு மொத்தம் 63 ஆட்டங்களில் விளையாடியது. கலந்துகொண்ட கிண்ணப் போட்டிகள் எல்லாவற்றிலும் இறுதியாட்டம்வரை சென்றதால், அந்தப் பருவத்தில் ஆட முடிந்த அத்தனை ஆட்டங்களையும் அக்குழு ஆடித் தீர்த்தது. கூடுதல் நேரத்தை விட்டுவிட்டு 63ஐத் தொண்ணூறு நிமிடங்களால் பெருக்கினால் 5,670 நிமிடங்கள் வருகின்றன. மணிக்கணக்கில் தொண்ணூற்று நான்கரை. நாள் கணக்கில் பார்த்தால் முழுதாக நான்கு நாள்கள்கூட இல்லை!

விடியற்காலை மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்ததும், மாமாக் கடையில் ஒரு தே தாரிக்கை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கத்தியதும், தோற்ற மறுநாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததும் இந்த நான்கு நாள்களுக்காகத்தான். அப்படியானால் ஆண்டின் மற்ற நாள்களில் அந்த ஆட்டக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? ஒரு ரசிகையாக இந்தக் கேள்வி 2023ஆம் ஆண்டு ஜூலை மாதம்வரை எனக்குள் எழுந்ததே இல்லை.

இங்கிலாந்தின் காற்பந்துப் பருவம் ஆகஸ்டில் தொடங்கி மே மாதத்தில் முடிகிறது. இடையில் வரும் கோடை விடுமுறைக்குப் பிறகு, ஜூலையில் ஆட்டக்காரர்கள் மீண்டும் கூடுகிறார்கள். ஓய்வில் தளர்ந்த உடலை முறுக்கேற்றுவது, புதிதாக வாங்கிய ஆட்டக்காரர்களைக் குழுவோடு பழக்குவது, பயிற்றுநர் மனத்தில் வைத்திருக்கும் ஆட்ட முறையைக் கால்களுக்குப் புரியவைப்பது ஆகியவைதாம் அந்த மாதத்தின் வேலை. பெரிய குழுக்கள் இந்தப் பயிற்சிக் காலத்தின் ஒரு பகுதியை ஆசியாவுக்கோ அமெரிக்காவுக்கோ கொண்டுபோகின்றன. அதில் வணிகம் இருக்கிறது என்பது நமக்குத் தெரியாததல்ல. சட்டை விற்க வேண்டும், விளம்பரதாரர்கள் மகிழ வேண்டும். ஆனாலும் நாம் போகிறோம். 2011ஆம் ஆண்டு ஜூலையில் ஆர்சனல், லிவர்பூல், செல்சி ஆகிய மூன்று குழுக்களும் அடுத்தடுத்து புக்கிட் ஜாலிலுக்கு வந்தன. அப்போது நான் தமிழ்ப்பள்ளியின் தொடக்க வகுப்பில் இருந்தேன். லிவர்பூல் 6-3 என்ற கோல் கணக்கில் மலேசியக் குழுவை வென்ற அந்த ஆட்டத்தை அப்பாவின் மடியில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்தது மங்கலாக நினைவிருக்கிறது.

2023இல் லிவர்பூல் சிங்கப்பூருக்கு வந்தது. ஜூலை 30ஆம் தேதி லெஸ்டர் சிட்டியோடும், ஆகஸ்டு 2ஆம் தேதி பாயர்ன் மியூனிக்கோடும் ஆட்டங்கள். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு ஏறக்குறைய நம்முடைய மூன்றரை வெள்ளி கொடுக்க வேண்டியிருந்த காலம் அது. ஆட்டத்துக்கான நுழைவுச்சீட்டு எங்கள் கைக்கு எட்டவில்லை. ஆனால் முதல் ஆட்டத்துக்கு முந்திய நாள் குழு பயிற்சி செய்வதைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்றும், அதற்கான சீட்டு விலை மிகக் குறைவு என்றும் அறிந்தேன். பகுதி நேர வேலையில் சேர்த்து வைத்திருந்த பணத்தில் இரண்டு சீட்டுகள் வாங்கி அப்பாவிடம் நீட்டினேன்.

"ஆட்டம் இல்லையா? சும்மா பயிற்சிதானா?" என்று கேட்டார் அப்பா.

"சும்மா பயிற்சிதான்."

"அப்ப கோல் கீப்பருங்களப் பக்கத்துல பாக்கலாம்" என்றார். அவ்வளவுதான், வேறு எதுவும் கேட்கவில்லை.

அப்பாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுநர். கோல சிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டக் குழுவின் கோல் காவலர். எங்கள் வீட்டில் எல்லாரும் லிவர்பூல் ரசிகர்களாக இருப்பதற்குக் காரணமே ஒரு கோல் காவலர்தான். 1984ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம் ரோம் நகரில் பெனால்டி வரை சென்றபோது, புரூஸ் குரோபலார் முழங்கால்கள் நடுங்குவதுபோல் கோமாளித்தனம் செய்து ரோமா ஆட்டக்காரர்களைக் குழப்பினார். லிவர்பூல் வென்றது. "அந்த ஆளு பண்ணுன கூத்தப் பாத்துட்டுத்தான் இந்தக் குழுவப் புடிச்சேன்" என்பார் அப்பா.

ஆனால் அப்பாவின் முதல் நாயகன் குரோபலார் அல்லர், நம்முடைய ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் எங்கிருந்து வரும் பந்தையும் எட்டிப் பிடித்ததால் "ஸ்பைடர்மேன்" என்று நாடே அழைத்த கோல் காவலர். 1980ஆம் ஆண்டு மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற காலத்தில் நம் கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்றவர் அவர். சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானில் நுழைந்ததைக் கண்டித்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அவர்கள் மாஸ்கோ போகவே இல்லை. 2016இல் வெளிவந்த 'ஓலா போலா' திரைப்படம் அந்தக் கதையைத் தழுவியது என்பதை நம்மில் பலர் அறிவோம். ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் மறைந்தார். அந்தச் செய்தி வந்த அன்று தோட்டத்துத் திடலில் யாரும் பந்து விளையாடவில்லை என்று அப்பா ஒரு முறை சொல்லியிருக்கிறார்.

ஜூலை 29, சனிக்கிழமை. பண்டார் தாசிக் செலாத்தான் பேருந்து நிலையத்திலிருந்து அதிகாலைப் பேருந்தில் லார்க்கின். அங்கிருந்து பாலம் கடந்து உட்லண்ட்ஸ். பிறகு ரயிலில் பீஷான் போய், வட்டப் பாதையில் மாறி ஸ்டேடியம் நிலையம். குடிநுழைவு வரிசையில் எங்களுக்கு முன்னும் பின்னும் சிவப்புச் சட்டைகளாகவே இருந்தன. காலாங்கில் உள்ள தேசிய அரங்கம் 2014இல் திறக்கப்பட்டது. 55,000 பேர் உட்காரலாம். தலைக்கு மேலே திறந்து மூடும் பெரும் கூரை. அப்பா உள்ளே நுழைந்ததும் கூரையைப் பார்க்கவில்லை. குனிந்து புல்லைப் பார்த்தார். "மழை பேஞ்சா இங்க சேறாகாது போல" என்றார்.

ஆட்டக்காரர்கள் திடலுக்கு வந்தபோது எழுந்த ஆரவாரத்தை எழுத்தில் சொல்வது கடினம். முகமது சாலா, வெர்ஜில் வான் டைக், டார்வின் நூனியெஸ் என்று நாம் திரையில் மட்டுமே கண்டவர்கள் நம்மைப் போலவே காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டும், ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டும் நடந்து வந்தார்கள். அன்று ரசிகர்களிடையே ஒரு தனிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பல ஆண்டுகள் குழுத் தலைவராக இருந்த ஜோர்டன் ஹென்டர்சன் இரண்டு நாள்களுக்கு முன்புதான் சவூதிக் குழு ஒன்றுக்குப் போயிருந்தார். புதிய தலைவர் யார் என்று குழு இன்னும் அறிவிக்கவில்லை. ஜூலை 31ஆம் தேதிதான் வான் டைக்கின் பெயர் வெளியானது. ஆகவே நாங்கள் பார்த்தது தலைவர் இல்லாத ஒரு குழுவின் பயிற்சி. யார் முன்னால் ஓடுகிறார், யார் யாரை அதட்டுகிறார் என்று என் அருகில் இருந்த இளைஞர்கள் சோதிடம் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நானும் அதைத்தான் பார்த்தேன். முதலில் மெதுவான ஓட்டம், தசைகளை நீட்டும் பயிற்சி. பிறகு வட்டமாக நின்று, நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்குப் பந்து கிடைக்காமல் ஒரே தொடுதலில் தட்டிக்கொண்டே இருக்கும் பயிற்சி. தமிழ்ப்பள்ளியில் ஓய்வு நேரத்தில் நாங்கள் 'குரங்கு' என்று சொல்லி விளையாடியதுதான்! ஆனால் அந்த வேகம் வேறு. பந்து வரும் முன்பே அடுத்தவர் எங்கே நிற்கிறார் என்று தலை திரும்பிப் பார்த்துவிடுகிறது. புதிதாக வந்திருந்த சொபோஸ்லாயையும் மெக் அலிஸ்டரையும் பார்க்க நான் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அப்பா என் முழங்கையைத் தட்டினார்.

"அங்க என்னம்மா பாக்குற? இங்க பாரு."

திடலின் மறு மூலையில் கோல் காவலர்கள் தனியாக இருந்தார்கள். அந்தப் பக்கம் கூட்டத்தில் எவருடைய கைப்பேசியும் திரும்பவில்லை. ஒரு பயிற்றுநர் சில அடி தூரத்தில் நின்று பந்தை உருட்டிவிட்டார். கோல் காவலர் பக்கவாட்டில் சாய்ந்து அள்ளினார், திருப்பி உருட்டினார், எழுந்தார். மறுபடியும் உருட்டல், சாய்தல், எழுதல். எந்த வீரசாகசமும் இல்லை. சின்னப் பிள்ளைக்குப் பந்து போடுவது போன்ற வேகம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் கைகள் ஒரே மாதிரி விரிந்தன, பெருவிரல்கள் இரண்டும் ஒரே மாதிரி நெருங்கின. உருட்டல் மெல்ல எறிதலாகியது. எறிதல் உதையாகியது. பிறகு உயரமான பந்துகள். பிறகு ஒரு பந்தைத் தட்டிவிட்டு விழுந்த மாத்திரத்தில் எழுந்து இரண்டாவது பந்துக்குத் தாவ வேண்டும்.

அப்பா வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார். இருபத்தாறு, இருபத்தேழு.

"காலப் பாரு" என்றார். "பந்து அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்னக் குதி குதிக்கிறான் பாரு. அடிக்கிற நேரத்துல ரெண்டு காலும் தரையில சமமா நிக்குது. ஒரு கால் மேல இருந்துச்சுன்னா அந்தப் பக்கம் போக முடியாது. இத நானே கண்டுபிடிக்க எனக்கு நாலு வருசம் ஆச்சு."

எத்தனையோ ஆட்டங்களை அப்பாவோடு சேர்ந்து பார்த்திருக்கிறேன். அலிசன் பெக்கர் பாய்ந்து தடுத்த பந்துகளைத் திரும்பத் திரும்பக் காட்டியபோதெல்லாம் கைதட்டியிருக்கிறேன். அந்தக் காலடிகளை நான் பார்த்ததே இல்லை. தொலைக்காட்சி எப்போதும் பந்தின் பின்னாலேயே ஓடுகிறது. பந்து வருவதற்கு முன் என்ன நடக்கிறது என்பதை அது காட்டுவதில்லை.

லிவர்பூலின் கோல் காவலர் பயிற்றுநர்களில் ஒருவராக அப்போது இருந்தவர் கிளாடியோ டஃபரெல். 1994இல் பிரேசில் உலகக் கிண்ணத்தை வென்றபோது அந்நாட்டின் கோல் காவலர். உலகக் கிண்ணம் வென்ற ஒருவர், இன்னொருவருக்குப் பந்து உருட்டிக் கொடுப்பதைத் தம் தொழிலாக வைத்திருக்கிறார்! முதல் நிலைக் கோல் காவலருக்கு மட்டுமல்ல, ஆடப்போகிறோமா இல்லையா என்பதே தெரியாத இரண்டாமவர், மூன்றாமவருக்கும் அதே பயிற்சி, அதே எண்ணிக்கை. கெல்லஹர் என்ற அயர்லாந்து இளைஞர் பல ஆண்டுகள் அலிசனுக்கு அடுத்த இடத்திலேயே இருந்தார். 2022ஆம் ஆண்டு லீக் கிண்ண இறுதியாட்டத்தில் செல்சிக்கு எதிராக அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. ஆட்டம் கோலின்றி முடிந்து பெனால்டிக்குச் சென்றது. 11-10 என்று லிவர்பூல் வென்றபோது, அந்தப் பதினோராவது கோலை அடித்தவர் கெல்லஹரேதான். அந்த ஒரு மாலைக்காக அவர் எத்தனை ஆயிரம் பந்துகளை யாரும் பார்க்காத மூலையில் பிடித்திருப்பார்!

பயிற்சி முடியும் தறுவாயில் அப்பா பேசத் தொடங்கினார். திடலைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார்.

1986ஆம் ஆண்டு, அவருக்குப் பதினெட்டு வயது. தோட்டங்களுக்கு இடையிலான போட்டியில் அவர் ஆட்டத்தைப் பார்த்த ஒருவர், மாநில இளையோர் தேர்வுக்கு வரச் சொல்லியிருக்கிறார். காலையில் பால் மரம் வெட்டிவிட்டு, பால் ஸ்டோர் சுவரில் பந்தை எறிந்து எறிந்து தானே பிடித்துப் பழகியவர் அப்பா. சுவர் எப்போதும் நேராகத்தான் பந்தைத் திருப்பித் தரும். தேர்வு நாளன்று இரு பக்கமிருந்தும் உயரமாக வளைந்து வந்த பந்துகள் அவர் தலைக்கு மேலே போயின. வெளியே போவதா, கோட்டிலேயே நிற்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. நான்கு கோல். பட்டியலில் அவர் பெயர் இல்லை.

"யார் மேலயும் கோவமில்ல" என்றார். "தேர்ந்தெடுத்தவங்க சரியாத்தான் செஞ்சாங்க. எனக்கு அது தெரியல, அவ்ளோதான். ஆனா தெரியாமப் போனது எதனாலன்னு இத்தன வருசமா யோசிச்சிருக்கேன். திறமையில்லன்னுதான் நெனச்சேன். இன்னிக்கு இவனுங்களப் பாக்கையிலதான் வெளங்குது. எனக்குப் பந்து உருட்டிக் குடுக்க ஒரு ஆள் இல்லம்மா."

சற்று நேரம் கழித்து, "இவ்ளோ நாளா டிவியில நான் பாத்ததெல்லாம் பரீட்சை. இன்னிக்குத்தான் பள்ளிக்கூடத்தப் பாக்குறேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

இந்தக் கதையை அவர் அம்மாவிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்றிரவு பேருந்தில் அப்பா நன்றாகத் தூங்கினார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. ஐம்பத்தைந்து வயதுவரை ஒரு மனிதர் தம்மைத் திறமையில்லாதவர் என்று எண்ணிக்கொண்டு வாழ்ந்திருக்கிறார். அதை மாற்ற யாரும் அவருக்கு அறிவுரை சொல்லவில்லை. ஒரு பயிற்சியைக் கண்ணால் பார்த்ததே போதுமானதாக இருந்தது.

மறுநாள் லிவர்பூல் லெஸ்டரை 4-0 என்று வென்றது. நூனியெஸ், கிளார்க், ஜோத்தா, டோக் ஆகியோர் கோல் அடித்தார்கள். வீட்டில் நாங்கள் ஆட்டத்தைப் பார்த்தோம். அந்த நால்வரில் தியோகோ ஜோத்தா 2025ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் தேதி ஸ்பெயினில் நடந்த கார் விபத்தில் தம் தம்பியோடு மறைந்தார். செய்தி கேட்டதும் அப்பாவும் நானும் அவர் அடித்த பெரிய கோல்களைப் பற்றிப் பேசவில்லை. அந்தச் சிங்கப்பூர்ப் பயணத்தைப் பற்றித்தான் பேசினோம். அப்பா ஆறுமுகத்தை நினைத்திருப்பார் என்பது எனக்குத் தெரியும்.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று நம் முன்னோர் சொன்னார்கள். உழைப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் இந்தப் பழமொழியைச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அப்பா அடிமேல் அடி வைத்தவர்தான். சுவரோடு அவர் பட்ட பாடு குறைவானதல்ல. அவரிடம் உழைப்பு இருந்தது. எந்தப் பக்கம் அடிக்க வேண்டும் என்று காட்ட ஆளில்லை. நம்மவர் பிள்ளைகள் முன்போல் காற்பந்துக்கு வருவதில்லை என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது மேடையில் வருந்துகிறார்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய எம். சந்திரனையும் 2010இல் ஆசியான் கிண்ணத்தை வென்று தந்த பயிற்றுநர் கே. ராஜகோபாலையும் பெருமையோடு நினைவுகூர்கிறார்கள். பெருமைப்படுவது சரிதான். ஆனால் தோட்டத்துத் திடல்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிய பிறகு, பத்து வயதுப் பிள்ளைக்குச் சனிக்கிழமை காலையில் பந்து உருட்டிக் கொடுப்பது யார் என்ற கேள்வியை நாம் அவ்வளவாகக் கேட்பதில்லை. காற்பந்துக்கு மட்டுமா? பேச்சுப் போட்டிக்கும் கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் இதே கேள்விதானே? தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் ஆண்டில், வகுப்பில் கைதூக்கத் தயங்கி உட்கார்ந்திருந்த என் தோழிகள் எத்தனையோ பேர். அவர்களிடமும் திறமை இல்லாமல் இல்லை. உயரமாக வளைந்து வந்த பந்தை அதற்குமுன் யாரும் அவர்களுக்குப் போட்டதில்லை.

சிங்கப்பூரிலிருந்து திரும்பிய மூன்றாவது வாரம், அப்பா பழைய சாமான்களுக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்தார். கையுறைகள் உளுத்துப் போயிருந்தன. தாமான் கடையில் புதிதாக ஒரு சோடி வாங்கினார்; தமக்கல்ல, சின்ன அளவில். எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரிடம் போய் அனுமதி கேட்டார். முதல் சனிக்கிழமை இரண்டு பையன்கள் வந்தார்கள். அடுத்த வாரம் ஒருவன்தான். இப்போது ஆறு பேர் வருகிறார்கள், அதில் இருவர் பெண் பிள்ளைகள். வேலை இல்லாத வாரங்களில் நானும் போகிறேன். இரு பக்கமிருந்தும் உயரமான பந்து போடுவது என் வேலை. என் உதை அவ்வளவு நேர்த்தியாக இருக்காது. பாதிப் பந்துகள் வேலிக்கு அப்பால் போய்விடும். "பரவால்லம்மா, ஆட்டத்துலயும் அப்படித்தான் வரும்" என்பார் அப்பா.

இந்த ஆறு பேரில் யாரும் நாட்டுக்கு ஆடாமல் போகலாம். அதைப் பற்றி அப்பா ஒரு நாளும் பேசியதில்லை. அவர் முழங்கால் வலியோடு புல்லில் மண்டியிட்டு, பந்தை உருட்டிவிட்டு, "ரெண்டு காலும் தரையில" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். பிள்ளைகள் பிடிக்கிறார்கள், விடுகிறார்கள், மறுபடி எழுகிறார்கள்.

இவ்விதழைக் கையில் வைத்திருக்கும் நண்பர்களே, முன்னாள் மாணவர்களான அண்ணன்மார்களே, அக்காமார்களே! நம் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று தெரியும். அது நமக்குத் தெரிய எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதும் தெரியும். உங்கள் பழைய தமிழ்ப்பள்ளியின் திடல் ஒரு சனிக்கிழமை காலை எப்படி இருக்கிறது என்று ஒரு முறை போய்ப் பாருங்கள். முடிந்தால், போகும்போது ஒரு பந்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.